சான்றிதழ் கேட்ட மின் நிலையம்: பதவி உயர்வில் இனப் பாகுபாடு குறித்த ஒரு வழக்கின் ஆய்வு

அமெரிக்காவின் வடக்கு கரோலைனா மாநிலத்தில் டிரேப்பர் என்று ஒரு சிற்றூர். அங்கே டியூக் பவர் நிறுவனத்துக்கு 'டான் ரிவர்' என்ற பெயரில் ஓர் அனல் மின் நிலையம் இருந்தது. அதில் கூட்டிப் பெருக்கும் பிரிவில் வேலை பார்த்த கறுப்பினத் தொழிலாளர்கள் 13 பேர், மேல் வேலைகளுக்குப் போகவிடாமல் தங்களைத் தடுக்கிறார்கள் என்று 1966-இல் வழக்குத் தொடுத்தார்கள். 1971 மார்ச் 8 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. சட்டப் புத்தகங்களில் 'கிரிக்ஸ் எதிர் டியூக் பவர் கம்பெனி' என்று தேடினால் கிடைக்கும். தொழிலாளர்களின் பெயர்களை இங்கே தனித்தனியாகச் சொல்லப்போவதில்லை. அவர்கள் எதைப் பார்த்தார்கள், எதைக் கேட்டார்கள், எந்த இடத்தில் விட்டுக்கொடுக்காமல் நின்றார்கள் என்பதைத்தான் பார்க்கப்போகிறோம்.

வேலையிடத்தில் பாகுபாடு நடக்கிறது என்று யாராவது வாய் திறந்தால் உடனே வரும் கேள்வி, "வேண்டுமென்றே செய்தார்கள் என்பதற்கு என்ன ஆதாரம்?" என்பதுதான். பல புகார்கள் அந்தக் கேள்வியோடு முடிந்துபோகின்றன. இந்த வழக்கும் கீழ் நீதிமன்றங்களில் அதில்தான் தடுக்கி விழுந்தது. உச்ச நீதிமன்றம் வேறு கேள்வி கேட்டது: இந்த நிபந்தனைக்கும் இந்த வேலைக்கும் என்ன சம்பந்தம்? பதவி உயர்வு தொடர்பான எந்தப் புகாரையும் கையில் எடுப்பவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான் என்பது என் உறுதியான எண்ணம். அந்தக் கேள்விக்கு வந்துசேர ஐந்து ஆண்டுகள் ஆயின. அந்த ஐந்து ஆண்டுகளில் நடந்ததைத்தான் கீழே வரிசையாக எழுதியிருக்கிறேன்.

பின்னணி: ஐந்து பிரிவுகள், ஒரு சுவர்

மின் நிலையத்தின் வேலைகள் ஐந்து பிரிவுகளாகப் பிரிந்திருந்தன. கூலிப் பிரிவு, நிலக்கரி கையாளும் பிரிவு, இயக்கப் பிரிவு, பராமரிப்புப் பிரிவு, ஆய்வக மற்றும் சோதனைப் பிரிவு. நிலக்கரிப் பிரிவில் இருப்பவர்கள் வந்திறங்கும் கரியை எடை போட்டு, மாதிரி எடுத்து, உடைத்து உள்ளே அனுப்புவார்கள். இயக்கப் பிரிவில் கொதிகலன், டர்பைன். ஆய்வகத்தில் கொதிகலன் தண்ணீரின் சோதனை. இந்த நிலையத்தில் ஒரு கறுப்பினத்தவர் வேலைக்குச் சேர்ந்தால் அவருக்குக் கிடைப்பது கூலிப் பிரிவு மட்டுமே. துடைப்பது, கழுவுவது, சுத்தம் செய்வது.

அந்தப் பிரிவின் மிக உயர்ந்த சம்பளம்கூட மற்ற நான்கு பிரிவுகளின் மிகக் குறைந்த சம்பளத்தைவிடக் குறைவு. கூலிப் பிரிவில் இருபது வருஷம் உழைத்தவர், நேற்று நிலக்கரிப் பிரிவில் சேர்ந்த புது ஆளைவிடக் குறைவாகத்தான் வாங்க முடியும். பதவி உயர்வும் அந்தந்தப் பிரிவுக்குள்ளேயே பணிமூப்பு பார்த்துத் தரப்பட்டது. வேறு பிரிவுக்கு மாறுபவர் பெரும்பாலும் அங்கே கடைசிப் படியிலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே முதல் நாள் ஒருவரை எந்தப் பிரிவில் போட்டார்கள் என்பதே அவருடைய முழுப் பணிக்காலத்தையும் தீர்மானித்தது.

1955-இல் நிறுவனம் ஒரு விதி கொண்டுவந்தது. கூலிப் பிரிவைத் தவிர வேறு எதில் சேரவும் உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்திருக்க வேண்டும். நிலக்கரிப் பிரிவிலிருந்து 'உள்ளே', அதாவது இயக்கம், பராமரிப்பு, ஆய்வகம் ஆகியவற்றுக்குப் போகவும் அதே நிபந்தனை. விதி வருவதற்கு முன்பு சேர்ந்த, பள்ளி முடிக்காத வெள்ளையின ஊழியர்களை யாரும் தொடவில்லை. அவர்கள் அதே வேலைகளை நன்றாகவே செய்தார்கள், பதவி உயர்வும் பெற்றார்கள். இது பின்னால் பெரிய சாட்சியமாக மாறியது.

'பள்ளி முடித்தவர்' என்ற நிபந்தனை அந்த மாநிலத்தில் யாரை வெளியே நிறுத்தும் என்பதையும் பார்க்க வேண்டும். 1960 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வடக்கு கரோலைனாவில் உயர்நிலைப் பள்ளியை முடித்த வெள்ளையின ஆண்கள் 34 சதவீதம், கறுப்பின ஆண்கள் 12 சதவீதம். இதற்குப் படிப்பில் ஆர்வமின்மை காரணமல்ல. தனித்தனிப் பள்ளிகளை மாநிலமே நடத்தி, கறுப்பினக் குழந்தைகளுக்கு மட்டமான பள்ளிகளைக் கொடுத்த தலைமுறையைச் சேர்ந்த தொழிலாளர்கள் இவர்கள். பள்ளியில் ஒரு முறை வஞ்சிக்கப்பட்டவரிடம் தொழிற்சாலை வாசலில் அதே பள்ளியின் சான்றிதழைக் கேட்டார்கள்.

1965 ஜூலை 2

1964-ஆம் ஆண்டின் சிவில் உரிமைச் சட்டத்தில் வேலைவாய்ப்பு பற்றிய பகுதி ஏழாம் தலைப்பு. அது நடைமுறைக்கு வந்த நாள் 1965 ஜூலை 2. இனத்தைக் காட்டி ஒருவரை ஒரு பிரிவில் அடைத்து வைப்பது அன்றுமுதல் சட்டவிரோதம். கறுப்பினத்தவரைக் கூலிப் பிரிவோடு நிறுத்தும் பழைய கொள்கையை நிறுவனம் அந்த ஆண்டே கைவிட்டது. சரி, நல்ல விஷயம்தான். ஆனால் கூடவே, கூலிப் பிரிவிலிருந்து வேறு எந்தப் பிரிவுக்கு மாறவும் பள்ளிச் சான்றிதழ் வேண்டும் என்ற நிபந்தனை வந்தது. சட்டம் நடைமுறைக்கு வந்த அதே ஜூலை 2 முதல், மற்ற பிரிவுகளில் புதிதாகச் சேர்பவர்கள் சான்றிதழோடு இரண்டு தேர்வுகளிலும் தேற வேண்டும் என்றும் ஆயிற்று.

அந்தத் தேர்வுகளில் ஒன்று வொண்டர்லிக். 12 நிமிடத்தில் 50 கேள்விகள். சொற்பொருள், கணக்கு, தர்க்கம் எல்லாம் கலந்து வேகமாக விடை குறிக்க வேண்டிய பொது அறிவுத்திறன் தேர்வு. இன்னொன்று பென்னட் இயந்திரப் புரிதல் தேர்வு. கப்பி, பற்சக்கரம், நெம்புகோல் போன்றவற்றின் படங்களைக் காட்டிக் கேள்வி கேட்கும். இரண்டுமே விற்பனையில் இருந்த, நிபுணர்கள் தயாரித்த தேர்வுகள். ஆனால் டான் ரிவர் நிலையத்தில் கரி உடைப்பதற்கோ கொதிகலனைக் கவனிப்பதற்கோ என்ன தேவை என்று பார்த்து அவற்றை யாரும் உருவாக்கவில்லை. இந்தத் தேர்வில் நல்ல மதிப்பெண் எடுப்பவர் இந்த வேலையை நன்றாகச் செய்வார் என்று நிறுவனமும் ஆராய்ந்து பார்க்கவில்லை. ஊழியர்களின் பொதுத்தரம் உயரும் என்று நினைத்தோம் என்பதுதான் நிறுவனத்தின் துணைத் தலைவர் சொன்ன சாட்சியம்.

1965 செப்டம்பரில் ஒரு மாற்று வழி திறந்தது. நிலக்கரிப் பிரிவில் பள்ளி முடிக்காமல் இருந்த ஊழியர்கள் கேட்டுக்கொண்டதை அடுத்து, ஏற்கெனவே பணியில் இருப்பவர்கள் சான்றிதழ் இல்லாவிட்டாலும் இந்த இரண்டு தேர்வுகளிலும் தேறினால் உள்ளே மாறலாம் என்றார்கள். கூலிப் பிரிவுக்கும் இது பொருந்தும். பார்வைக்குச் சலுகைதான். தேர்ச்சி மதிப்பெண்ணோ நாடு முழுவதும் பள்ளி முடித்தவர்களின் நடு மதிப்பெண்ணை ஒட்டி வைக்கப்பட்டிருந்தது. பள்ளி முடித்தவர்களிலேயே ஏறக்குறைய பாதிப் பேர் தோற்றுப்போகும் தேர்வை, பள்ளி முடிக்காதவருக்கு வழி என்று காட்டினார்கள்.

நிறுவனத்தின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். பள்ளிப் படிப்பை முடிக்க விரும்பும் ஊழியருக்குக் கட்டணத்தில் மூன்றில் இரண்டு பங்கை நிறுவனமே தந்தது. கெட்ட எண்ணம் இல்லை என்பதற்கு அடையாளமாக நீதிமன்றங்கள் இதை ஏற்றுக்கொண்டன. இந்த உண்மையை ஒதுக்கிவிட்டு வழக்கைப் படிப்பதில் பயனில்லை. நல்லெண்ணம் இருந்ததாக வைத்துக்கொண்டாலும் தடை அப்படியே நிற்கும் என்பதுதான் இந்த வழக்கில் நிலைநாட்டப்பட்டது.

தொழிலாளர்கள் கண்டதும் எடுத்த முடிவும்

வழக்குத் தொடுத்த சமயத்தில் நிலையத்தில் 95 ஊழியர்கள் இருந்தார்கள். அவர்களில் கறுப்பினத்தவர் 14 பேர். 14 பேரில் 13 பேர் சேர்ந்து மனுதாரர் ஆனார்கள். எல்லோரும் அதே நிலையத்தில் தொடர்ந்து சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவர்கள். புகார் கொடுத்தவரைப் பழிவாங்கக் கூடாது என்று சட்டத்தில் எழுதியிருந்தது உண்மை. ஆனால் சட்டம் நடைமுறைக்கு வந்து அப்போது அதிக காலம் ஆகவில்லை. அந்தப் பாதுகாப்பை நம்பிக் கையெழுத்துப் போட எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பது சிறிய ஊரில், ஒரே முதலாளியை நம்பி வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

1966 மார்ச்சில் அவர்கள் கூட்டரசின், அதாவது மத்திய அரசின், சம வேலைவாய்ப்பு ஆணையத்தில் புகார் கொடுத்தார்கள். சட்டம் வைத்த வழி அது. முதலில் ஆணையம், அங்கே சமரசம் ஆகாவிட்டால் நீதிமன்றம். ஆணையத்துக்கு அன்று முதலாளி மேல் வழக்குப் போடும் அதிகாரம் கிடையாது. பேசிப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

புகார் கொடுத்து ஐந்து மாதம் கழித்து, 1966 ஆகஸ்டில், முதன்முறையாக ஒரு கறுப்பினத் தொழிலாளியைக் கூலிப் பிரிவிலிருந்து நிலக்கரிப் பிரிவுக்கு உயர்த்தினார்கள். இவருடைய விவரத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும். 1953-இல் கூலிப் பிரிவில் சேர்ந்தவர். உயர்நிலைப் பள்ளி முடித்தவர். நிறுவனம் கேட்ட தகுதி கையில் இருந்தும் 13 ஆண்டுகள் துடைப்பத்தோடு நிறுத்தி வைக்கப்பட்டார். தகுதி இல்லாததால்தான் மற்றவர்கள் கீழே இருந்தார்கள் என்ற வாதத்துக்கு இந்த ஒருவரின் பணிப் பதிவேடே பதில்.

இப்படி ஒருவரை உயர்த்தியதும் பல இடங்களில் புகார் அடங்கிவிடும். ஒருவருக்காவது கிடைத்ததே, இனி மெல்ல மெல்ல எல்லோருக்கும் கிடைக்கும் என்று சமாதானம் சொல்ல ஆட்கள் வருவார்கள். இவர்கள் அடங்கவில்லை. அக்டோபரில் வடக்கு கரோலைனாவின் மத்திய மாவட்டக் கூட்டரசு நீதிமன்றத்தில் வழக்குத் தாக்கலானது. கறுப்பினத்தவரின் உரிமைக்காக வழக்காடும் என்ஏஏசிபி சட்டப் பாதுகாப்பு நிதியத்தின் வழக்கறிஞர்கள் ஆஜரானார்கள். சார்லட் நகரின் ஜூலியஸ் சேம்பர்ஸ் அவர்களில் ஒருவர்.

ஒவ்வொருவரும் தனித்தனியாக "எனக்கு இந்தப் பதவி கிடைக்கவில்லை" என்று வழக்குப் போட்டிருந்தால், ஒவ்வொருவருடைய வேலைத்திறனும் கூண்டில் ஏற்றப்பட்டிருக்கும். சேர்ந்து நின்றதால் விசாரணை நிபந்தனையின் பக்கம் திரும்பியது. எனக்குத் தெரிந்தவரை இந்த வழக்கின் மிக நல்ல முடிவு இதுதான்.

மாவட்ட நீதிமன்றம்: "முன்பு நடந்தது முடிந்துபோயிற்று"

1968-இல் மாவட்ட நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. சட்டத்துக்கு முன்பு நிறுவனம் வெளிப்படையாகப் பாகுபாடு காட்டியது உண்மை என்று நீதிபதி ஏற்றுக்கொண்டார். ஆனால் அது நின்றுவிட்டது, சட்டம் வருங்காலத்துக்குத்தான், பழைய அநியாயத்தின் மிச்சம் சட்டத்தின் கைக்கு எட்டாது என்றார். இப்போதைய நிபந்தனைகள் வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் ஒன்றுதானே என்பது அவர் பார்வை.

இந்த வாதத்தில் இருக்கும் ஓட்டையைத் தொழிலாளர்கள் தங்கள் சம்பளச் சீட்டிலேயே பார்த்தார்கள். பழைய கொள்கை போய்விட்டது, ஆனால் அது அடைத்துவைத்த ஆட்கள் அதே பிரிவில்தான் இருந்தார்கள். நிபந்தனை இல்லாத காலத்தில் நேரடியாக நல்ல பிரிவில் சேர்ந்த வெள்ளையர் எந்தத் தேர்வும் எழுதாமல் மேலே போய்க்கொண்டிருந்தார்.

மேல்முறையீடு: ஆறு பேருக்குக் கிடைத்தது, நான்கு பேருக்கு இல்லை

நான்காம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 1970 ஜனவரியில் பிளவுபட்ட தீர்ப்புத் தந்தது. மனுதாரர்களில் மூன்று பேரின் கோரிக்கைக்கு இனித் தீர்ப்பே தேவையில்லை என்று ஒதுக்கப்பட்டது. நிபந்தனை வருவதற்கு முன்பே கூலிப் பிரிவில் சேர்ந்த ஆறு பேருக்கு நிவாரணம் கிடைத்தது. அவர்களோடு அதே காலத்தில் நல்ல பிரிவில் சேர்ந்த வெள்ளையர்கள் அந்த நிபந்தனையைச் சந்திக்கவே இல்லை, எனவே இவர்களிடமும் கேட்கக் கூடாது என்றது நீதிமன்றம். பணிமூப்பையும் பிரிவு அளவில் பார்க்காமல் நிலையம் முழுவதற்குமாகக் கணக்கிடச் சொன்னது. தலைப்புச் செய்தியில் வராத இந்த வரிதான் அந்த ஆறு பேரின் வீட்டில் அடுப்பெரியப் பயன்பட்ட வரி. அது இல்லாவிட்டால் மாறிப்போன பிரிவில் நேற்று வந்தவருக்கும் பின்னால் நின்றிருப்பார்கள்.

நிபந்தனை வந்த பிறகு சேர்ந்த, பள்ளி முடிக்காத நான்கு பேருக்கு ஒன்றும் இல்லை. கெட்ட நோக்கம் காட்டப்படவில்லை, எல்லோருக்கும் ஒரே விதி, ஆகவே செல்லும் என்பதே பெரும்பான்மை நீதிபதிகளின் கருத்து.

நீதிபதி சைமன் சோபெலாஃப் இதை ஏற்கவில்லை. வேலையோடு சம்பந்தமில்லாத தகுதியை வைத்து ஓர் இனத்தை வடிகட்டுவதை அனுமதித்தால், இந்தச் சட்டம் காதுக்கு இனிமையான வெற்றுப் பேச்சாகிவிடும் என்ற பொருளில் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். அந்தத் தனித் தீர்ப்பின் வாதம்தான் அடுத்த ஆண்டு சட்டமானது.

இங்கே இரண்டாவது பெரிய முடிவு வருகிறது. ஆறு பேருக்கு வெற்றி கையில் இருந்தது. உச்ச நீதிமன்றம் போனால் தோற்கவும் வாய்ப்பு உண்டு. தோற்றால் இந்த நிலையத்தோடு முடியாது, நாடு முழுவதும் சான்றிதழும் தேர்வும் சட்டப்படி செல்லும் என்று ஆகிவிடும். இத்தனை தெரிந்தும் மேலே போனார்கள். கிடைத்தவரை லாபம் என்று நின்றிருந்தால் அந்த நான்கு பேருக்கும், அவர்களுக்குப் பின் வந்த அத்தனை பேருக்கும் கதவு மூடியே இருந்திருக்கும். கூட்டாக நடத்தும் வழக்கில் பாதி வெற்றி வரும்போது யாரைப் பின்னால் விடுகிறோம் என்று கேட்பது மிகக் கடினம். இவர்கள் கேட்டார்கள்.

உச்ச நீதிமன்றம்: வேலையை முன்னால் வைத்துப் பார்த்தது

1970 டிசம்பர் 14 அன்று வாதம் நடந்தது. தொழிலாளர்களுக்காக ஜாக் கிரீன்பெர்க் வாதாடினார். நீதிபதி பிரென்னன் பங்கேற்கவில்லை. மீதி எட்டுப் பேரும் ஒரே குரலில் தீர்ப்பளித்தார்கள். எழுதியவர் தலைமை நீதிபதி வாரன் பர்கர். அதிபர் நிக்சன் நியமித்தவர், பழமைவாதி என்று பெயர் எடுத்தவர். ஒரு கட்சிக் கருத்தாக இதைத் தள்ளிவிட முடியாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

நிறுவனம் சட்டத்திலிருந்த ஒரு விலக்கைப் பிடித்துக்கொண்டது. நிபுணர்கள் தயாரித்த திறன் தேர்வுகளை, பாகுபாட்டுக்காக வடிவமைக்கவோ பயன்படுத்தவோ செய்யாதவரை, முதலாளி பயன்படுத்தலாம் என்று 703-ஆம் பிரிவில் இருக்கிறது. எங்கள் தேர்வுகள் நிபுணர் தயாரித்தவைதானே என்றது நிறுவனம். அந்த விலக்கு வேலையோடு சம்பந்தமுள்ள தேர்வுகளுக்குத்தான் என்று ஆணையத்தின் வழிகாட்டி நெறிகள் சொல்லியிருந்தன. சட்டம் இயற்றியபோது செனட் அவையில் நடந்த விவாதங்களும் அந்தப் பொருளையே தருகின்றன என்று நீதிமன்றம் முடிவு செய்தது.

பிறகு சாட்சியங்களுக்கு வந்தது. மூன்று விவரங்கள் வழக்கைத் தூக்கி நிறுத்தின. ஒன்று, மேலே சொன்ன 34-க்கு 12 என்ற கணக்கு. இரண்டு, வேறொரு புகாரில் ஆணையம் கண்டறிந்தது: இந்த இரண்டு தேர்வுகளும் அடங்கிய ஒரு தேர்வுத் தொகுப்பில் வெள்ளையரில் 58 சதவீதமும் கறுப்பினத்தவரில் 6 சதவீதமும் தேறியிருந்தார்கள். மூன்றாவதுதான் எனக்கு மிக வலுவாகப் படுகிறது, ஏனென்றால் அது நிறுவனத்தின் பதிவேட்டிலிருந்தே வந்தது. 1965 ஜூலை 2 முதல் 1966 நவம்பர் 14 வரை பதவி உயர்வு பெற்ற வெள்ளையின ஊழியர்களில் பள்ளி முடிக்காதவர்களின் விகிதமும், மொத்த வெள்ளையின ஊழியர்களில் பள்ளி முடிக்காதவர்களின் விகிதமும் ஏறக்குறைய ஒன்றே. அதாவது சான்றிதழ் இல்லாதது வேலையில் முன்னேற வெள்ளையர் யாருக்கும் தடையாகவே இல்லை. நிறுவனத்தின் அலுவலகத்திலேயே இருந்த இந்தக் கணக்கை நிறுவனம் ஒரு நாளும் போட்டுப் பார்க்கவில்லை.

தீர்ப்பின் மையம் இதுதான்: வடிவத்தில் நியாயமாக இருந்து செயலில் பாகுபாடாக முடியும் நடைமுறைகளையும் சட்டம் தடுக்கிறது. ஒரு நடைமுறை கறுப்பினத்தவரை வெளியே நிறுத்துகிறது, அது வேலைத்திறனோடு சம்பந்தப்பட்டது என்று முதலாளியால் காட்ட முடியவில்லை என்றால் அது செல்லாது. தொழிலுக்கு அது அவசியமா என்பதே உரைகல். காட்ட வேண்டிய பொறுப்பு முதலாளியுடையது. நல்ல நோக்கம் இருந்தாலும் விடுதலை இல்லை.

நம் பிள்ளைகளுக்கும் தெரிந்த நரியும் கொக்கும் கதையைப் பர்கர் தீர்ப்பில் எடுத்துக்கொண்டார். தட்டையான பாத்திரத்தில் பாலை ஊற்றிக் குடி என்று கொக்கிடம் சொல்வது போன்ற வாய்ப்பு வாய்ப்பே அல்ல, பாத்திரம் இருவருக்கும் பயன்படும்படி இருக்க வேண்டும் என்றார். தேர்வுகளையும் சான்றிதழ்களையும் நீதிமன்றம் ஒழித்துக்கட்டவில்லை. குறைந்த தகுதி உள்ளவரை எடு என்றும் சொல்லவில்லை. தேர்வு வைத்தால் அது மனிதரைப் பொத்தாம்பொதுவாக அளக்கக் கூடாது, அந்த வேலைக்கு அவரை அளக்க வேண்டும் என்றது. நான்கு பேருக்கு எதிரான தீர்ப்புப் பகுதி ரத்தானது.

பிறகு நடந்தவை

1972-இல் சட்டம் திருத்தப்பட்டு, ஆணையமே நீதிமன்றம் போகும் அதிகாரம் பெற்றது. மாநில, உள்ளாட்சி அலுவலகங்களும் சட்டத்துக்குள் வந்தன. 1975-இல் அதே வடக்கு கரோலைனாவில் அல்பமார்ல் காகித ஆலை வழக்கு. அங்கும் வொண்டர்லிக் தேர்வு இருந்தது. விசாரணைக்கு நான்கு மாதம் முன்பு நிறுவனம் ஒரு நிபுணரைக் கூப்பிட்டது. அவர் அரை நாள் ஆலையில் இருந்துவிட்டு ஆய்வுக்குத் திட்டம் போட்டுக் கொடுத்தார், அவருடைய மேற்பார்வை இல்லாமல் ஆலை அதிகாரிகளே ஆய்வை முடித்தார்கள். அந்தக் கண்துடைப்பை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

1989-இல் அலாஸ்காவின் மீன் பதப்படுத்தும் ஆலைகள் தொடர்பான வழக்கில் நீதிமன்றம் பின்வாங்கி, நிரூபிக்கும் பாரத்தைத் தொழிலாளர்கள் பக்கம் தள்ளியது. 1991-இல் நாடாளுமன்றம் புதுச் சட்டம் இயற்றி அதைத் திருப்பியது. விளைவைப் பார்த்துப் பாகுபாட்டைக் கண்டறியும் முறை சட்டத்தின் வாசகத்திலேயே எழுதப்பட்டது அப்போதுதான்.

பிரிட்டன் 1976-இன் இன உறவுகள் சட்டத்தில் இந்தக் கருத்தை எடுத்துக்கொண்டது. அங்கே உள்துறை ஊழியர்கள் தொடுத்த எஸ்ஸாப் வழக்கும் பதவி உயர்வுத் தேர்வு பற்றியதுதான். சிறுபான்மை இனத்தவரின் தேர்ச்சி விகிதம் வெள்ளையரின் விகிதத்தில் 40.3 சதவீதம் மட்டுமே என்று 2010-இல் ஓர் அறிக்கை காட்டியது. ஏன் அப்படி என்று யாருக்கும் விளங்கவில்லை. காரணத்தை விளக்க வேண்டிய பொறுப்பு ஊழியருக்கு இல்லை என்று 2017-இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் சொன்னது.

இந்தியாவுக்கும் இது வந்து சேர்ந்தது. ராணுவத்தில் பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணி மறுக்கப்பட்ட நிதிஷா வழக்கில், 2021 மார்ச் 25 அன்று நீதிபதி சந்திரசூட் எழுதிய தீர்ப்பு கிரிக்ஸ் வழக்கிலிருந்து தொடங்கி மறைமுகப் பாகுபாட்டை விளக்குகிறது. எல்லோருக்கும் ஒன்றுபோல் தெரிந்த மருத்துவத் தகுதியும் மதிப்பீட்டு முறையும் பெண்களுக்கு எப்படித் தடையாயின என்று அது விரிவாகப் பேசுகிறது. ராணுவம் அரசின் அங்கம் என்பதால் அரசியல் சாசனத்தின் 14, 15-ஆம் பிரிவுகள் அங்கே கைகொடுத்தன. தனியார் நிறுவனத்தில் சாதி பார்த்துப் பதவி உயர்வு மறுக்கப்பட்டால் ஏழாம் தலைப்பைப் போல நேராகக் கைக்கு வரும் பொதுச் சட்டம் நம்மிடம் இல்லை. இது நமக்குப் பெரிய குறை.

இன்று இப்படி ஒரு வழக்கு வந்தால் எதை மாற்ற வேண்டும்

டான் ரிவர் வழக்கில் ஆலைக்குள்ளிருந்து கிடைத்த எண்கள் மிகக் குறைவு. கறுப்பின ஊழியர்களே 14 பேர். எனவே மாநிலக் கணக்கெடுப்பையும் வேறொரு புகாரின் தேர்ச்சி விகிதத்தையும் கடன் வாங்க வேண்டியிருந்தது. இன்று அப்படிச் செய்தால் எதிர்த் தரப்பு விடாது. எந்த நிபந்தனை, எந்தத் தேதியில் வந்தது, அதற்கு முன்பும் பின்பும் யார் விண்ணப்பித்தார்கள், யார் தேறினார்கள் என்று நிறுவனத்தின் உள்ளேயே கணக்கு எடுக்க வேண்டும். ஒரு குழுவின் தேர்வு விகிதம் மிக அதிகமாகத் தேர்வான குழுவின் விகிதத்தில் ஐந்தில் நான்கு பங்குக்குக் கீழே போனால் விசாரிக்க வேண்டும் என்பது 1978-இல் அமெரிக்கக் கூட்டரசு அமைப்புகள் வகுத்த வழிகாட்டி. தொடக்கப் பரிசோதனைக்கு அது போதும். முன்பே பதவியில் இருந்து, புது நிபந்தனை இல்லாமலே நன்றாக வேலை செய்பவர்களின் பட்டியலையும் கட்டாயம் கேட்டு வாங்க வேண்டும். 1971-இல் வென்று கொடுத்தது அந்தப் பட்டியல்தான்.

நிவாரணத்தை வழக்கின் முதல் நாளிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். நிபந்தனையை நீக்கு என்று மட்டும் கேட்டால், நீக்கிய பிறகு கடைசிப் படியில் போய் நிற்க நேரிடும். பணிமூப்பும் நிலுவைச் சம்பளமும் கோரிக்கையிலேயே இருக்க வேண்டும். மன உளைச்சலுக்கான இழப்பீட்டை 1991 சட்டம் வேண்டுமென்றே செய்த பாகுபாட்டுக்கு மட்டும்தான் தருகிறது. விளைவை வைத்து வெல்பவருக்கு அது கிடையாது. எனவே நோக்கத்துக்கு ஆதாரம் இருந்தால் அதையும் தனிக் குற்றச்சாட்டாகச் சேர்ப்பதில் தயங்கக் கூடாது. இந்த வழக்கில் பள்ளி முடித்தும் 13 ஆண்டுகள் கீழே இருந்தவரின் பதிவு அப்படிப்பட்ட ஆதாரம்.

நிர்வாகங்களுக்கும் சொல்ல ஒன்று உண்டு. நியூ ஹேவன் நகரத் தீயணைப்புத் துறையில் 2003-இல் பதவி உயர்வுத் தேர்வு நடத்தி, முடிவில் பதவி உயர்வு பெறும் இடத்துக்குக் கறுப்பினத்தவர் யாரும் வராததைப் பார்த்துப் பயந்து, தேர்வையே நகராட்சி ஒதுக்கிவிட்டது. தேறியவர்கள் வழக்குப் போட்டார்கள். 2009-இல் 5-க்கு 4 என்ற கணக்கில் அவர்களே வென்றார்கள். நிபந்தனையையும் வேலையையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது தேர்வு நடத்துவதற்கு முன்னால். மாதக்கணக்கில் படித்து எழுதியவர்களின் மதிப்பெண்ணைப் பிறகு குப்பையில் போடுவது அவர்களுக்கும் அநியாயம், தடுக்கப்பட்டவர்களுக்கும் உதவாது.

2025 ஏப்ரலில் அமெரிக்க அதிபர் பிறப்பித்த ஆணை, விளைவை வைத்துப் பாகுபாட்டைத் தொடரும் பணிக்கு இனி முன்னுரிமை தர வேண்டாம் என்று கூட்டரசு அமைப்புகளுக்குச் சொல்லியிருக்கிறது. 1991 சட்டம் ரத்தாகவில்லை, அதிபர் ஆணையால் அதை ரத்து செய்யவும் முடியாது. தொழிலாளர்கள் தாங்களாக நீதிமன்றம் போகும் உரிமை அப்படியே இருக்கிறது. ஆனால் ஆணையத்தின் புலனாய்வை நம்பி இருக்க முடியாது. ஆட்களைச் சேர்ப்பது, பதிவேடுகளைக் கேட்டு வாங்குவது, வழக்கறிஞருக்குச் செலவு செய்வது எல்லாம் இனி அவர்கள் தலையில்தான்.